வெளிச்சத்தில் துரை, நிழலில் பண்டிதர்

தைல ஓவியத்தில் வெளிச்சம் தானாக விழுவதில்லை. ஓவியர் ஆள் பார்த்துத்தான் அதை விழவைக்கிறார். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் காய நாளாகும். ஆகவே இருளை மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பலாம். நெற்றி, மூக்கு நுனி, பட்டு மடிப்பு ஆகியவற்றில் ஈய வெள்ளையைத் தடிப்பாக அப்பலாம். 17ஆம் நூற்றாண்டுச் சீமான்களுக்கு இது தோதாகப் போயிற்று. பணம் கொடுத்தவர் முகம் பளிச்சென்று இருக்கும். ஏவலாள் மங்கலாகப் பின்னே நிற்பார்.

டென்பி பிரபு வில்லியம் ஃபீல்டிங் இந்தியா வந்து திரும்பிய கையோடு, 1633-34 வாக்கில், ஆந்தனி வான் டைக் அவரை முழு உருவமாக வரைந்தார். படம் இன்று லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. பிரபுவுக்கு இளஞ்சிவப்புப் பட்டில் நம் நாட்டுப் பைஜாமா, கையில் துப்பாக்கி. ஓரமாகத் தலைப்பாகை கட்டிய இந்தியச் சிறுவன் மரத்தின் மேலிருக்கும் கிளியைச் சுட்டிக்காட்டுகிறான். தலைப்பில் இருப்பது பிரபுவின் பெயர் மட்டும். கிளி இருக்கும் இடம் தெரிந்தவன் என்னவோ சிறுவன்தான். பிரபு திகைத்து நிற்கிறார்.

அந்த மரபு கப்பலேறி மதராஸுக்கும் வந்தது. சுவடிகள் சேகரித்த நில அளவையாளர் காலின் மெக்கன்சியை 1816இல் தாமஸ் ஹிக்கி இங்கே வரைந்த படத்தைப் பாருங்கள். சிவப்புச் சட்டையில் துரை. ஒளி முழுக்க அவருக்கே. பின்னால் மூன்று இந்தியர்கள். ஒருவர் கையில் தொலைநோக்கி, இன்னொருவர் கையில் பனையோலைச் சுவடி. அவர்களைக் கிருஷ்ணாஜி, சமணப் பண்டிதர் தர்மையா, காவலி வெங்கட லட்சுமையா என்று அடையாளம் சொல்வார்கள். தூரத்துக் குன்றில் கார்கள கோமடேசுவரர் சிலை. மெக்கன்சிக்கு நம் மொழிகள் தெரியாது. சுவடி தேடியதும் படித்துச் சொன்னதும் இவர்களைப் போன்றவர்கள்தான். அப்படிச் சேர்ந்ததில் பெரும்பகுதி இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. ஹிக்கியை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். நிழலில் நிறுத்தினாலும், அவரவர் தொழில் இன்னதென்று கையில் கொடுத்துக் காட்டிவிட்டார். வான் டைக் அந்தச் சிறுவனின் விரலுக்குக் கொடுத்த மரியாதையும் இதுதான்.

மெக்கன்சி படம் லண்டனுக்குப் போய்விட்டது. ஆனால் துரைமார்களின் தைல ஓவியங்கள் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆவடி, அம்பத்தூர் வாசகர்கள் கடற்கரை ரயிலேறினால் கோட்டை பக்கம்தான். போனால் முகத்தை விட்டுவிட்டு, முதலில் படத்தின் ஓரங்களைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை.