தந்தையின் கடனும் மகனின் நிறுவனமும்: எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில் குடும்பம்

தந்தை பட்ட கடனை மகன் தீர்த்தாக வேண்டும் என்பது மிதாட்சர நெறி. கடன் தீர்க்காமல் இறந்தவருக்கு நற்கதி இல்லை என்ற நம்பிக்கையிலிருந்து பிறந்த இந்தக் கடப்பாட்டை ஆங்கிலேயர் கால நீதிமன்றங்களும் ஏற்று நடத்தின. 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் அதை முடித்துவைத்தது. அச்சட்டத்துக்குப் பின் ஏற்பட்ட கடனுக்காக, அறக்கடப்பாடு ஒன்றை மட்டும் காட்டி மகன்மீதோ பேரன்மீதோ எவரும் வழக்காட முடியாது. பெண்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்த திருத்தம் என்றே அது நினைவுகூரப்படுகிறது. கடனைப் பற்றிய உட்பிரிவைப் பேசுவோர் குறைவு. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2017 நவம்பர் 23 அன்று, ஓர் அவசரச் சட்டத்தின் வழியே 29ஏ என்ற பிரிவு திவால் சட்டத்தில் சேர்ந்தது. தம் நிறுவனத்தின் கணக்கு வாராக்கடனாகி ஓராண்டு கடந்தும் நிலுவையைத் தீர்க்காதவர், அவரோடு கைகோத்து இயங்குபவர், அவருக்குத் தொடர்புடையவர் ஆகியோர் நொடித்த நிறுவனத்தை வாங்க முன்வர முடியாது என்றது அது. முன்னதில் வெளியே அனுப்பப்பட்ட குடும்பம் பின்னதில் வேறு வாசல் வழியே சட்டத்துக்குள் திரும்பிவந்தது என்பது என் வாதம். அந்த வாசல் எவ்வளவு அகலம் என்பதை எஸ்ஸார் ஸ்டீல் வழக்கைக் கொண்டு அளந்து பார்க்கலாம்.

குழுமங்களின் கடன் நெருக்கடிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கங்கள் இரண்டு. உரிமையாளரின் பேராசை ஒன்று. பொதுத்துறை வங்கிகளின் மெத்தனம் மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் ஒரு கேள்வியைத் தாண்டிப் போகின்றன: வங்கி கடன் கொடுத்தது யாருக்கு? ஆவணத்தில் இருப்பது ஒரு கம்பெனியின் பெயர். கடன் அனுமதிக் குழுவின் மனத்தில் இருப்பது ஒரு குடும்பத்தின் பெயர். வசூலிக்கும் நாள் வரும்போது வங்கியின் கையில் மிஞ்சுவது முன்னது மட்டுமே.

எஸ்ஸாரின் தொடக்கத்துக்குச் சென்னைத் தொடர்பு உண்டு. சசி ரூயியா, ரவி ரூயியா என்ற சகோதரர்களின் முதல் எழுத்துகளான எஸ், ஆர் இரண்டும் சேர்ந்ததே அந்தப் பெயர். 1969இல் சென்னைத் துறைமுகத்தின் வெளி அலைதாங்கிச் சுவரைக் கட்டும் ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. அடுத்த ஆண்டு, 1970 ஏப்ரலில், மேலாண் முகமை முறை இந்தியாவில் சட்டப்படி ஒழிந்தது. ஒரு குடும்பத்தின் முகமை நிறுவனம் பல கம்பெனிகளை ஒப்பந்தத்தின் பேரில் நிர்வகித்துத் தரகு பெற்ற முறை அது. அதில் ஒரு நேர்மை இருந்தது: கம்பெனிகளைக் கட்டியாளும் கை எது என்பது ஏட்டிலேயே தெரிந்தது. அது ஒழிந்த பின் எழுந்த குழுமங்களில் அந்தக் கை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பங்கு முதலீட்டு நிறுவனங்களுக்குள் மறைந்தது. கட்டுமானத்தில் தொடங்கிய எஸ்ஸார் கப்பல், எண்ணெய்த் துரப்பணம், உருக்கு, மின்சாரம், சுத்திகரிப்பு, தொலைபேசி, துறைமுகம் எனப் படர்ந்தது இந்த அமைப்பில்தான்.

இத்தகைய படர்ச்சிக்குத் தருண் கன்னாவும் கிருஷ்ண பாலேபுவும் 1997இல் ஒரு தகுந்த காரணம் சொன்னார்கள். மூலதனச் சந்தையும் வேலைச் சந்தையும் நீதிமன்றமும் நம்பத்தக்க வகையில் இயங்காத நாடுகளில் குழுமமே அந்த வெற்றிடங்களை நிரப்புகிறது. அங்கே பல தொழில் செய்வது பலவீனம் ஆகாது. வலுவான வாதம்தான். ஆனால் அதில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. குழுமத்தின் உள்ளே ஒரு தொழிலிலிருந்து இன்னொன்றுக்கு நகரும் பணம் குழுமம் ஈட்டிய பணம் என்பதே அது. வங்கிக் கடனே பங்கு முதலின் வேலையைச் செய்யத் தொடங்கினால் இந்தக் கணக்கு தலைகீழாகும். பல தொழில் என்பது இடரைப் பகிர்வதற்குப் பதிலாக, ஒரே பெயரின் பேரில் பல கதவுகளைத் தட்டும் வழியாகிறது.

வங்கிகளும் அதற்கு வாகாக மாறியிருந்தன. நீண்ட காலத் தொழிற்கடனுக்கென்றே அமைந்த ஐசிஐசிஐ 2002இலும் ஐடிபிஐ 2004இலும் வணிக வங்கிகளாயின. பதினைந்து ஆண்டுகளில் பலன் தரும் ஆலைக்கு, ஓரிரு ஆண்டுகளில் முதிரும் வைப்புத்தொகையிலிருந்து கடன் போனது. 2012 ஆகஸ்டில் கிரெடிட் சுவிஸ் வெளியிட்ட ஆய்வறிக்கை, எஸ்ஸார் உள்ளிட்ட பத்துக் குழுமங்களின் கடன் ஐந்தாண்டில் ஐந்து மடங்காகி, மொத்த வங்கிக் கடனில் 13 விழுக்காட்டை எட்டிவிட்டது என்று கணக்கிட்டது.

எஸ்ஸாருக்கு இது முதல் முறையும் அன்று. 1999இல் 25 கோடி டாலர் மதிப்புள்ள வெளிநாட்டுக் கடன்பத்திரங்களுக்கு எஸ்ஸார் ஸ்டீல் தவணை தவறியது. அதன் பின்னும் கடன் கிடைத்தது. கடன் சீரமைப்பு என்ற பெயரில் தவணைகள் தள்ளிப்போயின. ஆலையின் கஷ்டங்கள் பொய்யுமல்ல. சூரத்தை அடுத்த ஹஜிராவில் இருந்த அந்த ஆலை இயற்கை எரிவாயுவை நம்பியது. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் வாயு எதிர்பார்த்த அளவு வரவில்லை. பைலாடிலாவிலிருந்து விசாகப்பட்டினத்துக்கு இரும்புத்தாதுக் குழம்பைக் கொண்டுசெல்லும் 267 கிலோமீட்டர் குழாயை 2009இல் மாவோயிஸ்டுகள் சேதப்படுத்தினர். சீனாவின் உற்பத்திப் பெருக்கத்தால் உருக்கின் விலை விழுந்தது. பேராசை என்ற ஒற்றைச் சொல்லால் இவற்றைத் துடைத்துவிட முடியாது.

ஆனால் அதே காலத்தில் அதே குழுமத்தின் வேறு வீடுகளில் நல்ல விளைச்சல். 2011இல் தொலைபேசி நிறுவனத்தில் தன்னிடமிருந்த 33 விழுக்காட்டை எஸ்ஸார் 500 கோடி டாலருக்கு மேல் வோடஃபோனுக்கு விற்றது. 2017இல் வாடினார் சுத்திகரிப்பு ஆலையை உள்ளடக்கிய எஸ்ஸார் ஆயில் ஏறத்தாழ 1,290 கோடி டாலருக்கு ரோஸ்நெஃப்ட்டும் அதன் கூட்டாளிகளும் வாங்கிய சொத்தாயிற்று. இந்தத் தொகைகளிலிருந்து அந்தந்த நிறுவனங்களின் கடன்கள் தீர்ந்தன. ஹஜிராவுக்குக் கடன் தந்த வங்கிக்கு அவற்றின்மீது நேரடி உரிமை கிடையாது. வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்ற சுவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. இதில் முறைகேடு எதையும் தேட வேண்டியதில்லை, முறையே இதுதான்.

2017 ஜூனில் ரிசர்வ் வங்கி, மொத்த வாராக்கடனில் ஏறத்தாழ கால்பங்கைச் சுமந்த 12 கணக்குகளைத் திவால் தீர்ப்பாயத்துக்கு அனுப்பச் சொன்னது. அவற்றில் ஒன்றான எஸ்ஸார் ஸ்டீல் குஜராத் உயர் நீதிமன்றத்தில் எதிர்த்துத் தோற்றது. ஆகஸ்டில் அகமதாபாத் தீர்ப்பாயம் வழக்கை ஏற்றது. வாங்க வந்தவர்களில் ஒன்று நியூமெட்டல். ரஷ்ய வங்கியான விடிபி முன்னின்ற அந்தக் கூட்டில் நான்கில் ஒரு பங்கு, ஓர் அறக்கட்டளை அடுக்கின் வழியே, ரவி ரூயியாவின் மகன் ரேவந்த் ரூயியாவின் நலனுக்காக இருந்தது. இரண்டாம் விலைக் கேட்பின்போது அந்தப் பங்கு வேறு கைகளுக்கு மாறியிருந்தது.

2018 அக்டோபர் 4 அன்று உச்ச நீதிமன்றம் நியூமெட்டலின் இரண்டு கேட்புகளையும் ஒப்பவில்லை. நீதிமன்றம் எடுத்த கருவி கவனிக்கத்தக்கது. அது இந்துச் சட்டத்தைத் தொடவில்லை. பங்குச் சந்தையில் நிறுவனங்களைக் கைப்பற்றுவது பற்றிய செபியின் 2011 விதிகளை எடுத்தது. அவற்றின்படி நெருங்கிய உறவினர்கள், மாறாக நிறுவப்படும் வரை, கைகோத்து இயங்குபவர்களாகவே கொள்ளப்படுவர். தந்தையும் மகனும் ஒருவரே என்று தர்மசாத்திரம் சொன்னதைச் சந்தை ஒழுங்கு விதி வேறு மொழியில் சொல்லிவிட்டது. ஒரு வேறுபாடு உண்டு. பழைய நெறி மகனைக் கடன் கட்டச் சொன்னது. புதிய விதி கட்டச் சொல்லவில்லை, கட்டாதவரை உள்ளே வராதே என்று மட்டும் சொல்கிறது.

ஆலையை வாங்கப் போட்டியிட்டு எதிர்முனையில் நின்ற ஆர்செலார்மிட்டலும் தப்பவில்லை. உத்தம் கால்வா, கேஎஸ்எஸ் பெட்ரான் என்ற கடன்பட்ட நிறுவனங்களில் தனக்கிருந்த பங்குகளை அது கேட்புக்குச் சற்று முன் கைவிட்டிருந்தது. அந்தக் கைகழுவல் செல்லாது என்ற நீதிமன்றம், இரு தரப்புக்கும் இரண்டு வாரக் கெடு தந்தது. ஆர்செலார்மிட்டல் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் கட்டித் தகுதி பெற்றது. பிறகு அதன் தலைவர் லட்சுமி மிட்டலின் தம்பியரது நிறுவனங்களின் கடனைக் காட்டி எஸ்ஸார் தரப்பு உறவுமுறை வாதத்தைத் திருப்பி வீசியது, அது எடுபடவில்லை. மகனுக்கு நீண்ட கயிறு தம்பிக்கு நீளவில்லை. சட்டத்தின் குடும்பம் கூட்டுக்குடும்பமாகவும் இல்லை, தனிக்குடும்பமாகவும் இல்லை. வழக்குக்கு வழக்கு அளவெடுத்துத் தைக்கப்படுகிறது.

இந்த வழக்கில் ஆய்வாளரை அதிகம் சோதிக்கும் தருணம் 2018 அக்டோபர் 25. கடன் கொடுத்தோர் குழு ஆர்செலார்மிட்டலின் ஏறத்தாழ 42,000 கோடி ரூபாய்த் திட்டத்தை ஏற்ற அதே நாளில், வழக்கையே திரும்பப் பெற்றால் 54,389 கோடி தருவதாக ரூயியா தரப்பு முன்வந்தது. வங்கிகளின் கோரிக்கையோ 49,000 கோடிக்கு மேல். அதிகத் தொகை மேசையில் இருக்கக் குறைந்ததை ஏன் எடுக்க வேண்டும்? தீர்ப்பாயம் 2019 ஜனவரியில் அந்த முன்வைப்பை நடைமுறைக் காரணம் காட்டித் தள்ளியது. பொதுப்பணத்தை விட்டுக்கொடுத்த முடிவு என்று அதைக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகவே படுகிறது. ஆலை கைவிட்டுப் போகும் நிலை வந்த பிறகே குடும்பத்தின் பணம் கம்பெனியின் கடனை நோக்கி வருமென்றால், இறுதி நாள் வரை பொறுத்திருப்பதே ஒவ்வொரு குழுமத்துக்கும் லாபம். வங்கிகள் இழந்ததாகச் சொல்லப்படும் தொகை, அந்தக் காத்திருப்புக்கு விலை வைக்க மறுத்ததன் செலவு.

பங்கீட்டுச் சண்டை வேறொரு குறையைக் காட்டியது. சரக்கும் சேவையும் கடனுக்குத் தந்தவர்களையும் வங்கிகளையும் சமமாக்கி, இரு சாராருக்கும் 60.7 விழுக்காடு என மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2019 ஜூலையில் வகுத்தது. நவம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, பிரித்துக்கொடுக்கும் அதிகாரம் கடன் கொடுத்தோர் குழுவின் வணிக அறிவுக்கே உரியது என்றது. மொரீஷியஸில் பதிவான துணை நிறுவனத்துக்குத் தந்த கடனுக்கு எஸ்ஸார் ஸ்டீலின் உத்தரவாதத்தை நம்பிய ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கிக்குக் கிடைத்தது இரண்டு விழுக்காட்டுக்கும் கீழ். அதன் பிணையம் அந்தத் துணை நிறுவனத்தின் பங்குகளே. அவற்றின் மதிப்பு சொற்பம். குழுமத்தின் பெயரை நம்பிய வங்கிக்கே இந்த நிலை என்றால், லாரி வாடகைப் பாக்கிக்குக் காத்திருப்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. 29ஏ குடும்பத்தைப் பார்க்கிறது, ஆனால் வாங்க வருபவர்களின் வரிசையில் மட்டும். பாக்கி கேட்டு நிற்பவர்களின் வரிசையிலிருந்து பார்த்தால் குடும்பம் கண்ணுக்குத் தெரிவதில்லை. உரிமையாளர்களின் தனிப்பட்ட உத்தரவாதத்தைத் திவால் நடைமுறைக்குள் கொண்டுவரும் அறிவிக்கை அதே நவம்பர் 15 அன்று வெளியானது. அதுவும் ஜாமீன் கையெழுத்து வாங்கிவைக்கும் பலம் படைத்த வங்கிகளுக்கே பயன்படும்.

2019 டிசம்பரில் ஆலை ஆர்செலார்மிட்டல்-நிப்பான் ஸ்டீல் கூட்டின் கைக்குப் போனது. 270 நாளில் முடிய வேண்டிய நடைமுறைக்கு 28 மாதம் பிடித்தது. ஆனால் ஹஜிரா ஆலைக்கான துறைமுகமும் அங்கிருந்த மின் நிலையம் ஒன்றும் அந்த விற்பனையில் அடங்கவில்லை. அவை குழுமத்தின் வேறு கம்பெனிகளுக்குச் சொந்தம். அந்தக் கம்பெனிகள் நொடிக்கவில்லை. ஆலையை வாங்கியவர் அதன் கப்பல்துறையையும் அந்த மின் நிலையத்தையும் வாங்க 2022 ஆகஸ்டில் மறுபடி எஸ்ஸாருடன் பேசி, விசாகப்பட்டினம், பாரதீப் துறைமுக வசதிகளும் சேர, 240 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்ய வேண்டியிருந்தது. இந்த முறை விற்றவர் யார் என்பதில் எந்த நீதிமன்றத்துக்கும் வேலை இருக்கவில்லை.