பால் கக்கும் குழந்தையும் பறிபோகும் நேரமும்: வில்லியனூர், பாகூர் கிராமங்களை முன்வைத்து

புதுச்சேரியில், உறுவையாறு போன்ற வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் கைக்குழந்தை குடித்த பாலை அடிக்கடி கக்கினால், வீட்டுப் பெரியவர்கள் உரம் என்பார்கள், குடலேற்றம் என்பார்கள், தொக்கம் என்பார்கள். சேலையில் போட்டு உருட்டி உரம் எடுப்பதும், வயிற்றை நீவிக் குடல் தட்டுவதும், உரைமருந்து புகட்டுவதும் அதற்கான வைத்தியம். மருந்துக்கடைக்குப் போனால் கிரைப் வாட்டரோ டோம்பெரிடோன் சொட்டுமருந்தோ கிடைக்கும். ஒன்றை மூடநம்பிக்கை என்றும் மற்றதை மருத்துவம் என்றும் பிரிப்பதே வழக்கம். நான் அப்படிப் பிரிக்க மாட்டேன். தானே நிற்கப் போவதைத் தாம் நிறுத்தியதாக இரண்டுமே பேர் வாங்கிக்கொள்கின்றன.

சிகாகோ வட்டாரத்தில் 948 பெற்றோரிடம் நடத்தப்பட்டு 1997-இல் வெளியான ஆய்வின்படி, முதல் மூன்று மாதங்களில் பாதிக் குழந்தைகள் நாளுக்கு ஒருமுறையாவது கக்குகின்றன. நான்காம் மாதத்தில் இது 67 விழுக்காடாக உயர்ந்து, பத்து மாதத்துக்குப் பின் ஐந்தாகச் சரிகிறது. உணவுக்குழாயின் கீழ்வாய்த் தசை அடிக்கடி தளர்கிறது. உணவு முழுவதும் திரவம். குழந்தை பெரும்பாலும் படுத்தே இருக்கிறது. இவையே காரணம். உட்காரவும் கெட்டியாக உண்ணவும் தொடங்கும்போது கக்கல் தணிகிறது. நான்காம் மாதத்தில் குடல் தட்டியவரும் சொட்டுமருந்து எழுதியவரும் ஏழாம் மாதத்தில் கெட்டிக்காரர் ஆகிவிடுகிறார்கள்.

தேவையற்ற மருந்தும் தீங்கு செய்யும். குழந்தைகளின் எதுக்களிப்புக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்ட சிசாப்ரைடு, இதயத்துடிப்பைக் குலைத்ததால் 2000-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இந்தியாவில் 2011-இல் தடையானது. உரைமருந்தில் சேரும் வசம்பு, அளவு மீறினால் தானே வாந்தியை உண்டாக்கும். மூக்கில் விடும் எண்ணெயும், திணறும் குழந்தையின் வாயில் ஊற்றும் எண்ணெயும் நுரையீரலில் தங்கி நிமோனியாவை உண்டாக்குவது தென்னிந்தியக் குழந்தைகளிடம் கண்டறியப்பட்டு, 1973-இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

இவற்றைவிடப் பெரிய கேடு, உண்மையான நோயும் இதே பெயர்களுக்குள் மறைந்துபோவது. பிறந்து இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள், குடித்த பால் பீய்ச்சி அடிப்பதுபோல் வெளியே வந்து, உடனே குழந்தை மறுபடி பசித்து அழுதால் இரைப்பையின் வெளிவாய் தடித்து அடைத்திருக்கலாம். ஆண் குழந்தைகளிடம் இது கூடுதல். மருத்துவர் ஹிர்ஷ்ப்ருங் 1887-இல் இதைத் தெளிவாக விவரித்தபோது பிழைத்தவர்கள் குறைவு. அறுவை மருத்துவர் ராம்ஸ்டெட் 1912-இல் வெளியிட்ட எளிய அறுவை முறை அந்த நிலையை மாற்றியது. பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் ஒரு மணி நேரமும் பொறுக்கக்கூடாது. அது குடல் முறுக்கிக்கொண்டதன் அறிகுறியாக இருக்கலாம்; முறுக்கிய குடல் சில மணி நேரத்தில் அழுகிவிடும். அந்த வயிற்றைத்தான் குடலேற்றம் என்று நீவுகிறார்கள்.

இங்கே தூரம் ஒரு தடையே அல்ல. வில்லியனூரில் ஆரம்ப சுகாதார நிலையமும் கரிக்கலாம்பாக்கத்தில் சமுதாய நல மையமும் உண்டு. கோரிமேட்டு ஜிப்மரில் குழந்தை அறுவை மருத்துவர்கள் இருக்கிறார்கள். உரம் எடுக்கவும் தொக்கம் எடுக்கவும் அலைகையில்தான் நேரம் பறிபோகிறது.

வீட்டுப் பெண்களின் அறிவு இங்கே பயனற்றது என்பது என் வாதமன்று. கக்கின பிள்ளை தக்கும் என்ற பழமொழி, சிகாகோ ஆய்வு கண்டதை முன்பே கண்டிருக்கிறது. எடை ஏறும் பிள்ளைக்கே அது பொருந்தும் என்பதை மட்டும் அதனுடன் சேர்க்க வேண்டும். முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறி, நன்றாகச் சிறுநீர் கழித்துச் சிரித்து விளையாடும் குழந்தைக்கு மருந்தே வேண்டாம். பால் கொடுத்தபின் தோளில் நிமிர்த்தி வைத்து ஏப்பம் விடச் செய்தால் போதும். கக்குகிறது என்று தாய்ப்பாலை நிறுத்தி டின் பாலுக்கு மாறுவது பெருந்தவறு. எடை ஏறவில்லை என்றாலோ, வாந்தி பச்சையாகவோ இரத்தம் கலந்தோ பீய்ச்சியடித்தோ வந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம்.

அங்கன்வாடியில் எடை பார்க்கும் தராசு இருக்கிறது. வளர்ச்சிக் கோடு வரைய, தாய் சேய் அட்டை கைக்குழந்தை உள்ள வீடுகளில் இருக்கிறது. கிராமச் செவிலியர்களையும் மருத்துவர்களையும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கக்குகிறது என்று ஒரு தாய் வந்து நின்றால், மருந்துச்சீட்டை எடுக்கும் முன் குழந்தையை நிறுத்துப் பாருங்கள், வாந்தி என்ன நிறம் என்று கேளுங்கள்.