இணையத் தொலைபேசியும் அழைப்புத் திருப்பலும்: தென்சென்னை இல்லங்களில்

பேசுவோரின் குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக்கி, பெரும்பாலும் 20 மில்லிவிநாடிக்கு ஒன்றாகச் சிறு பொட்டலங்களில் கட்டி, இணையத்தின் வழியே செலுத்தி மறுமுனையில் மீண்டும் குரலாக்கித் தரும் சாதனமே இணையத் தொலைபேசி. பொட்டலம் 150 மில்லிவிநாடிக்குள் சேர்ந்துவிட்டால் சம்பாஷணை இயல்பாக நடக்கும். மிஞ்சினால் இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கி, இருவருமே நிறுத்துவார்கள்.

மயிலாப்பூரிலும் தி. நகரிலும் அடையாற்றிலும் அமெரிக்காவுக்குப் பிள்ளையை அனுப்பிய பெற்றோருக்கு இதன் அவசியம் முதலில் புலப்பட்டது. வெளிநாட்டு அழைப்பு வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் ஏகபோகமாயிருந்த அந்நாட்களில், தெருமுனை எஸ்டிடி பூத்தில் ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே நலம் விசாரிப்பது குடும்ப வழக்கமாயிற்று. அந்நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தை அளித்த போதிலும், அதன் வழியே பேசுவதற்கு 2002 ஏப்ரல் 1 வரை அனுமதி கிடைக்கவில்லை. கிடைத்த அனுமதியும் அரைகுறையே: கணினியிலிருந்து கணினிக்கோ அயல்நாட்டுத் தொலைபேசிக்கோ பேசலாம், இந்தியத் தொலைபேசி எண்ணுக்குப் பேசலாகாது.

இவ்விதியின் விளிம்பில் விளைந்த விசித்திரமே வோனேஜ், மேஜிக்ஜாக் முதலிய இணையத் தொலைபேசிப் பெட்டிகள். விடுமுறைக்கு வந்த மகன் அமெரிக்க எண்ணுள்ள பெட்டியைக் கொண்டுவந்து, கூடத்து இணைய இணைப்பில் மாட்டிவிட்டுப் போவான். பிறகு நியூ ஜெர்சியில் அவன் உள்ளூர் எண்ணைச் சுழற்ற, தி. நகர் வீட்டில் மணி அடிக்கும். தூரம் அழிந்ததென்று கொண்டாடினார்கள். நேர வித்தியாசமோ அழியவில்லை, ஆகவே பெட்டி நடுநிசியிலும் அடித்தது. வோனேஜ் 2009இல் இந்தியாவுக்கும் சேர்த்து மாதச் சந்தா ஒன்றே போதுமென்று அறிவித்ததும், பெட்டியைக் கடல் கடத்தும் சிரமமும் குறைந்தது.

உள்நாட்டுத் தடை 2018இல் தளர்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்' என்னும் இணையத் தொலைபேசிச் சேவையை ஆண்டுக் கட்டணம் 1,099 ரூபாயாக அறிவித்தது. ஆயினும் கைபேசிக் கட்டணம் முன்பே சரிந்துவிட்டபடியால், அது காலம் தாழ்த்தி வந்த விருந்தாளியாயிற்று. இன்று வீடுகளில் நிலைத்திருப்பது, ஃபைபர் இணைப்புடன் சேர்ந்து வரும் குரல் சேவையே.

அழைப்புத் திருப்பல், மக்கள் வழக்கில் 'கால் டைவர்ட்', ஓர் எண்ணுக்கு வரும் அழைப்பை வேறோர் எண்ணுக்கு மாற்றுவது: எப்போதும், அல்லது பதிலில்லாதபோது, அல்லது பேச்சு நடக்கையில், அல்லது தொடர்பு எட்டாதபோது. உறவினருக்கெல்லாம் மனப்பாடமான 044 எண்ணைக் கைவிடாமல், கோயிலுக்குச் சென்றவரும் மகள் வீட்டில் தங்கியவரும் அதைக் கையோடு கொண்டுபோக இதைவிடச் சௌகரியமான உபாயமில்லை. இதே உபாயம் வஞ்சகர் கையிலும் சிக்கியது: தொலைபேசி நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, *401# என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் செய்து, வங்கியின் ஓடிபி அழைப்பைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். ஆதலால் தொலைத்தொடர்புத் துறை, 2024 ஏப்ரல் 15 முதல் இவ்வகைக் குறியீட்டுத் திருப்பலை நிறுத்திவைக்க ஆணையிட்டது. தம் கைபேசியில் எல்லா அழைப்பையும் எப்போதும் மாற்றும் திருப்பல் உள்ளதா என்று அறிய *#21# அழுத்திப் பார்க்கலாம்.

பழைய செப்புக் கம்பி, தனக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்தை எக்ஸ்சேஞ்சிலிருந்தே பெற்றது. வீட்டில் விளக்கணைந்தாலும் பேச முடிந்தது. ஃபைபர் பெட்டிக்கு அந்தப் பாக்கியமில்லை. முதியோர் தனித்திருக்கும் இல்லத்தில் அதை இன்வெர்ட்டரில் இணைத்து, எட்டாத அழைப்பு கைபேசிக்குத் திரும்பும்படியும் செய்து வைக்க வேண்டும்.