பத்துமலையின் பற்கள்

1878-இல் வில்லியம் ஹோர்னடே என்ற அமெரிக்க இயற்கையியலாளர் சிலாங்கூருக்கு வந்தார். அருங்காட்சியகங்களுக்காக விலங்குகளைச் சுட்டு, தோலுரித்து, எலும்பைப் பொதி கட்டி அனுப்புவது அவருடைய வேலை. கோலாலம்பூருக்கு வடக்கே காட்டுக்குள் நின்ற பத்துமலை என்ற சுண்ணாம்புக் குன்றின் குகைகளைப் பார்த்தவர், அவற்றைப் பற்றி வெளியுலகுக்கு எழுதினார். அந்தப் பக்கம் வாழ்ந்த தெமுவான் பழங்குடி மக்களுக்கோ, காய்கறித் தோட்டத்துக்கு உரமாக வவ்வால் எச்சத்தை அள்ளிக்கொண்டிருந்த சீனர்களுக்கோ அக்குகைகள் புதியவை அல்ல. வணிகர் தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் அங்கே முருகன் கோயில் எழுந்தது அதற்குப் பிந்திய கதை.

ஹோர்னடே அங்கே அதிக நாள் தங்கவில்லை. அதே ஆண்டு கடல் கடந்து சரவாக் போனார். தேடிப் போனது ஓராங் ஊத்தான் என்ற மனிதக் குரங்கை. நாற்பதுக்கும் மேற்பட்டவற்றின் உடல்கள் அவருக்குக் கிடைத்தன. ஆனால் ஓராங் ஊத்தானின் பற்கள் அவர் விட்டுவந்த பத்துமலையிலேயே கிடந்தன. அதை உலகம் அறிந்தது 2013-இல்தான்.

மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யாஸ்மின் இப்ராஹிம், லிம் ட்சே ட்ஷென் உள்ளிட்ட ஒரு குழு அந்த ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் ஒன்பது தனிப் பற்கள் விவரிக்கப்பட்டன. தீபகற்ப மலேசியாவின் இரண்டு குகைத் தளங்களில் கிடைத்தவை அவை. ஒரு தளத்துப் பற்கள் ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கும் பழையவை. பத்துமலையிலோ சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன்புவரைகூட ஓராங் ஊத்தான் இருந்திருக்கிறது. மரத்தை விட்டு இறங்க விரும்பாத குரங்கு இது. ஆகவே இன்று அடுக்குமாடிகள் நிற்கும் இந்த மேற்குக் கரைச் சமவெளியில் பனியூழியின் நடுவிலும் அடர்ந்த காடு இருந்திருக்க வேண்டும் என்று குழு கணித்தது. பனியூழி உச்சத்தை எட்டியபோது அந்தக் குரங்கு இங்கே அழிந்தது. காடு திரும்பி வந்தபோது கடலும் உயர்ந்துவிட்டது. சுமத்ராவில் தப்பிப் பிழைத்தவற்றால் மலாக்கா நீரிணையைத் தாண்ட முடியவில்லை.

ஒன்பது பற்களை வைத்து இத்தனை பெரிய கதையா என்று யாரும் கேட்கலாம். முழு எலும்புக்கூடு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி இன்னும் சுவையானது. தென்கிழக்காசியக் குகைகளில் அதற்குப் பெரும்பாலும் பொறுப்பு முள்ளம்பன்றி. செத்துக் கிடக்கும் விலங்கின் எலும்பை அது குகைக்குள் இழுத்து வந்து கொறிக்கும். ஓயாமல் வளரும் தன் வெட்டுப்பற்களைத் தேய்க்கவும் வேண்டும், எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். எலும்பு போய்விடும், பல்லின் வேரும் போய்விடும். கடிபடாத எனாமல் மட்டும் எஞ்சும். ஆய்வாளருக்குக் கிடைப்பது முள்ளம்பன்றி தின்று கழித்த மிச்சம்.

அதனால்தான் எலும்பைப் படிப்பவர் முதலில் கேட்பது, இது எந்த விலங்கு என்பதோடு, இதை இங்கே கொண்டுவந்தது யார் என்பதையும். வெட்டுத் தழும்பு, தீயில் கருகிய நிறம், மூளையும் மச்சையும் எடுக்க உடைத்த விதம் இவையெல்லாம் மனிதனைக் காட்டிக்கொடுக்கும். இணைகோடாக ஓடும் கொறித்த தடம் முள்ளம்பன்றியைக் காட்டும்.

இந்தக் கலையை மலாயாவில் வளர்த்தவர்களில் முக்கியமானவர் மெட்வே பிரபு, பின்னாளில் கிரான்புரூக் பிரபு. 1950-களில் சரவாக் அருங்காட்சியகத்தில் பணிசெய்து, அங்குள்ள நியா குகையில் தோண்டியெடுத்த எலும்புகளைத் தரம் பிரித்தவர். 1960-களில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்பித்தார். பகாங்கின் குவா கெச்சில் குகையில் கிடைத்த விலங்கு எச்சங்களை 1969-இல் விவரித்ததும் அவரே. பத்துமலைப் பற்களைப் பற்றிய 2013 கட்டுரையிலும் அவர் பெயர் உண்டு. நியாவில் ஓராங் ஊத்தான் எலும்புகள் மனிதர்கள் வேட்டையாடித் தின்ற மிச்சங்களோடு கிடந்தன. விலங்கு ஒன்றுதான், ஆனால் அங்கே அது மனிதனின் உணவு.

பேராக்கின் குவா குனோங் ருந்து குகையில் தொல்லியலாளர் ஜுரைனா மஜித் குழு கண்டெடுத்த, பத்தாயிரம் ஆண்டுக்கும் பழைய ‘பேராக் மனிதனை’ச் சுற்றிச் சிப்பிகளும் விலங்கு எலும்புகளும் இருந்தன. இறந்தவனுக்குப் படைத்த இறைச்சி அது. படையல் வைத்துப் பழகிய நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டின் கீழடியிலும், எலும்பு மனிதன் தின்ற மிச்சமா என்ற இதே கேள்விதான். புனே டெக்கான் கல்லூரிக்குப் போன எழுபது எலும்பு மாதிரிகளில் மாடு, எருமை, ஆடு, கலைமான், காட்டுப்பன்றி, மயில் எல்லாம் தெரிந்தன. வெட்டுத் தழும்பு இருந்த சிலவே, எது சமையலுக்குப் போனது என்பதற்குச் சாட்சி.

பத்துமலை இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இத்தகைய சாட்சிகள் குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கோலாலம்பூரை உண்டாக்கிய தொழில்களே மண்ணைப் புரட்டிப் போட்டன. லம்பங்கள் எனப்பட்ட ஈயச் சுரங்கங்கள் ஆற்றுப் படுகைகளைக் குடைந்தன. 1881-இன் தீக்கும் வெள்ளத்துக்கும் பிறகு செங்கல்லில் ஊரை எழுப்பியபோது, அதற்கான சூளைகள் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்துக்குப் பெயரையே கொடுத்தன. பத்துமலையிலோ கல் உடைப்பு 1980 வாக்கில்தான் நின்றது. பினாங்கை அடுத்த செபராங் பிறையில் நடந்தது இன்னும் கொடுமை. பழங்கால மனிதர் தின்று போட்ட குவார் கெப்பாவின் சிப்பி மேடுகளைச் சுண்ணாம்புக்காக அள்ளிக்கொண்டிருந்தபோதுதான் ஆங்கிலேய அதிகாரி ஜார்ஜ் விண்ட்சர் ஏர்ல் அவற்றைக் கவனித்து, 1860-களில் எழுதினார். பல்லாயிரம் வேளை உணவின் கணக்கு சூளையில் வெந்துபோனது.

ஆனாலும் தொழிலை மட்டும் திட்டிப் பயனில்லை. ஈப்போ அருகே தம்புன் குகையில் ஈய மண்ணைத் தோண்டியவர்கள் இல்லாவிட்டால், டச்சு ஆய்வாளர் ஹூயர் 1962-இல் விவரித்த அந்தப் பழைய பாலூட்டி எலும்புகள் வெளியே வந்திருக்காது. பேராக்கில் ஒருகாலத்தில் நீர்யானை திரிந்தது என்பது அப்படித்தான் தெரிந்தது.

இத்தகைய குகைகளில் எஞ்சியதைக் காப்பாற்றியது பெரும்பாலும் அதன் பயனின்மை. சுண்ணாம்பு நீர் சொட்டிச் சொட்டி மண்ணும் கல்லும் பல்லும் ஒன்றாக இறுகி, சுவரிலும் கூரையோரத்திலும் ஒட்டிக்கொள்ளும். உரம் அள்ள வந்தவர் மெத்தென்ற தரையைத்தான் வாரினார். சுவரில் இறுகியதை உளி வைத்துப் பெயர்க்க அவருக்கு எந்த அவசியமும் இருக்கவில்லை.