அபின் தந்த அச்சமும் மார்ஃபின் தரும் ஆறுதலும்



புற்றுநோய் வலியால் துடிப்பவருக்கு மருத்துவர் மார்ஃபின் எழுதித் தந்தால், "ஐயோ, அது போதை மருந்தாச்சே!" என்று வீட்டார் பதறுவதை இன்றும் காண்கிறோம். இந்த அச்சம் எங்கிருந்து வந்தது? வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலை உலர்த்தி எடுப்பதே அபின். பன்னெடுங்காலமாக அது வலிக்கு மருந்தாக இருந்தது. ஆனால், அதன் வீரியம் சரக்குக்குச் சரக்கு மாறியது. குறைந்தால் வலி தீராது. கூடினால் மூச்சு நின்றுவிடும்.

இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர் ஜெர்மனியின் பாடர்போர்ன் நகரில் மருந்துக் கடை உதவியாளராக இருந்த பிரிட்ரிக் செர்ட்டூர்னர். 1804 வாக்கில், இருபது வயதைச் சற்றே கடந்த அவர், அபினின் சாரத்தைத் தனியே பிரித்தெடுத்தார். கிரேக்கர்களின் கனவுத் தெய்வமான மார்ஃபியசின் பெயரை அதற்குச் சூட்டினார். தாமும் மூன்று இளைஞர்களும் அதை உட்கொண்டு, கடும் மயக்கத்துக்கு ஆளான சோதனையை 1817இல் வெளியிட்டார். மருந்தை இனி அளந்து கொடுக்கலாம் என்ற நிலை பிறந்தது. 1827இல் மெர்க் நிறுவனம் அதை விற்பனைக்குத் தயாரிக்கத் தொடங்கியது. 1850களில் ஊசி வந்தது. வலி விரைவில் அடங்கியது. கண்மூடித்தனமாக ஊசி போட்டதால் பலர் அடிமையாகவும் ஆயினர்.

நம் வட்டாரத்திலோ அபின் அரசுக்கே வருமானமாக இருந்தது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில், சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி அபினிலிருந்தே வந்தது. கூலிகளும் ரிக்‌ஷா இழுப்பவர்களும் உடல் அலுப்புக்குப் புகைத்து, சம்பாத்தியத்தைத் தொலைத்தனர். 1910இல் காலனி அரசே அந்த வாணிபத்தை ஏற்றது. போருக்குப் பின், 1946இல்தான் தடை வந்தது. அந்தச் சீரழிவைக் கண்ட சமூகத்துக்கு அச்சம் வந்ததில் வியப்பில்லை.

ஆனால், புகைக்குழாயில் அளவின்றிப் புகைத்த அபின் வேறு. மருத்துவர் அளந்து தரும் மார்ஃபின் வேறு. இதை உலகுக்கு உணர்த்தியவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ். தாதியாக இருந்து மருத்துவரான அவர், 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் நல்வாழ்வு இல்லத்தைத் தொடங்கினார். வலி வந்தபின் கொடுக்காதீர்கள். வருமுன் மணி தவறாமல் கொடுங்கள் என்பதே அவர் வழி. 1986இல் உலகச் சுகாதார நிறுவனமும் புற்றுநோய் வலிக்கு மார்ஃபினைப் பரிந்துரைத்தது. மலேசியாவில் 1991இல் ஹோஸ்பிஸ் மலேசியா தோன்றியது.

மலச்சிக்கல், குமட்டல், தூக்கக் கலக்கம் வரலாம். மருத்துவரைக் கேளாமல் அளவைக் கூட்டுவதும் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. எனினும், முறைப்படி கண்காணித்துக் கொடுக்கும்போது நோயாளி போதைக்கு அடிமையாவது அரிது.

நேயர்களே, அச்சம் இருந்தால் மருத்துவரிடம் மனம்விட்டுக் கேளுங்கள். பழைய அபின் கூடங்களின் பழிக்கு, படுக்கையில் இருக்கும் நம் பெற்றோர் தண்டனை அனுபவிக்க வேண்டியதில்லை.