மீஞ்சூர் வரை வந்த ஒலிம்பிக்

சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் ஒரு வீட்டு டி.வி.யில் ஒலிம்பிக் ஓடுகிறதென்றால், அந்தக் காட்சி அதற்குள் கடலைத் தாண்டியிருக்கிறது, மும்பையில் ஒருமுறை இறங்கி ஏறியிருக்கிறது, விண்வெளிக்குப் போய்த் திரும்பியும் இருக்கிறது. வந்து சேரும் இடத்தில் அதைப் பார்ப்பவர்கள் அனல்மின் நிலையத் தொழிலாளிகள், கன்டெய்னர் லாரி ஓட்டுநர்கள், துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை செய்கிறவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். காட்டுகிற விதத்தைப் பற்றி அவர்களுக்குத் திட்டவட்டமான கருத்துகள் உண்டு. "நம்மாளு ஆடும்போது வேற எதையோ காட்டறான்." "முக்கியமான நேரத்துல விளம்பரம்." "இன்னா நடக்குதுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்றாங்க." இவற்றை வெறும் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. காட்சி வந்த வழியைத் தெரிந்துகொண்டால், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருப்பது தெரியும்.

ஒலிம்பிக் காட்சி பிறந்தது 1936-ல், பெர்லினில். நகரத்துக் கூடங்களில் திரை வைத்து மக்களுக்கு நேரடியாகக் காட்டினார்கள். 1948-ல் லண்டனில் பி.பி.சி. அதை வீடுகளுக்கு அனுப்பியது. 1964-ல் டோக்கியோவிலிருந்து சின்காம் 3 என்ற செயற்கைக்கோள் வழியாகப் பசிபிக் கடலைத் தாண்டி அமெரிக்காவை எட்டியது. அப்போது இந்தியாவில் டெல்லியில் மட்டும்தான் டி.வி. நிலையம் இருந்தது. சென்னைக்குத் தூர்தர்ஷன் வந்தது 1975 ஆகஸ்ட் 15-ல். 1980-ல் மாஸ்கோவில் தமிழ்நாட்டுக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றபோதும், வடசென்னையில் பெரும்பாலானவர்களுக்கு ரேடியோவும் மறுநாள் பேப்பரும்தான். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிதான் இந்தியாவுக்குக் கலர் ஒளிபரப்பைக் கொண்டுவந்தது. இரண்டு வருடம் கழித்து, லாஸ் ஏஞ்சலஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 வினாடியில் நான்காவதாக வந்தார். மூன்றாவதாக வந்தவரின் நேரம் 55.41. அந்த நூற்றில் ஒரு பங்கு வினாடிதான், ஒலிம்பிக்கைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசையை இங்கே பல வீடுகளில் விதைத்தது.

ஆன்டெனா காலத்தில் மீஞ்சூருக்கு வந்த காட்சிக்குக் கடைசிக் கட்டம்தான் கஷ்டம். சேப்பாக்கத்துக் கோபுரம் தெற்கே இருந்தது. மொட்டை மாடியில் ஒருவர் அலுமினியக் குச்சிகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே ஜன்னலில் ஒருவர். "இப்ப?" "இன்னும் கொஞ்சம் திருப்புண்ணா... ஆங், விட்று, விட்று!" கடற்காற்று அடித்தால் ஆன்டெனா திரும்பிவிடும், உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். திசையும் பூஸ்டரும் வாய்த்தால் இலங்கை ரூபவாஹினிகூட வந்த காலம் அது. அப்போது பார்வையாளர்களுக்கு ஒரே எதிர்பார்ப்பு: படம் தெரிய வேண்டும்.

தொண்ணூறுகளில் கேபிள் வந்தது. படம் தெளிவானது. 2006-ல் தமிழக அரசு 14 அங்குல இலவசக் கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியது. பெய்ஜிங்கில் 2008 ஆகஸ்ட் 11-ல் அபினவ் பிந்த்ரா தங்கம் சுட்டதைத் தங்கள் வீட்டிலேயே பார்த்த எத்தனையோ குடும்பங்கள், அதற்கு முந்தைய ஒலிம்பிக்கைப் பக்கத்து வீட்டு வாசலில் நின்று பார்த்தவர்கள். 2012 லண்டன் ஒலிம்பிக், தமிழ்நாடு மின்வெட்டில் தவித்த வருடத்தில் வந்தது. கூப்பிடு தூரத்தில் அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையம் மின்சாரம் உற்பத்தி செய்துகொண்டிருக்க, அதன் சாம்பலைச் சுவாசிக்கும் ஊர்களில் டி.வி. அணைந்து கிடந்தது இந்தப் பகுதி மக்களுக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

படம் தெரிந்தால் போதும் என்ற காலம் போய், எதைக் காட்டுகிறார்கள் என்ற கேள்வி கூர்மையாக எழுந்தது 2016-ல். அந்த செப்டம்பரில் ரியோ பாராலிம்பிக்கில் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். இந்தியத் தொலைக்காட்சியில் அது நேரலையாக வரவில்லை. தமிழ்நாடு தன் பிள்ளையின் பொன்னான தாண்டலைச் செய்தித் துணுக்காகவே பார்த்தது. அன்று எழுந்த கோபம் வீண்போகவில்லை. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் மாரியப்பனின் வெண்கலத்தையும், பாட்மிண்டனில் துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ வென்ற பதக்கங்களையும் நேரலையில் பார்க்க முடிந்தது. பார்வையாளர் குரல் கொடுத்தால் திரை மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இனி ஒரே ஒரு காட்சியின் பயணத்தைத் தொடர்ந்து போவோம். 2021 ஜூலை 26, நம் நேரம் அதிகாலை 5.30. டோக்கியோவை அடுத்த சிபாவில் மக்குஹாரி மெஸ்ஸே அரங்கம். பெண்கள் சேபர் வாள்வீச்சு. களத்தில் நிற்பவர் பவானி தேவி. ஒலிம்பிக்கில் வாள் வீசிய முதல் இந்தியர், பழைய வண்ணாரப்பேட்டைப் பெண். மீஞ்சூரில் சென்னை ரயில் ஏறினால் எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை தாண்டி, ஒரு மணி நேரத்துக்குள் அவர் வளர்ந்த தெருவுக்குப் போய்விடலாம்.

அவரைப் படம் பிடித்த கேமரா நம்முடையது அல்ல. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2001-ல் உருவாக்கிய ஒலிம்பிக் பிராட்காஸ்டிங் சர்வீசஸ் என்ற அமைப்புதான் எல்லா அரங்குகளிலும் கேமரா வைக்கிறது. மாட்ரிட்டில் தலைமையகம். ஒரு ஒலிம்பிக்குக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேமராக்கள்; 2024 பாரிஸில் மட்டும் 11,000 மணி நேரத்துக்கும் அதிகமான காட்சிகள். இந்த அமைப்புக்கு ஒரு கண்டிப்பான விதி: எந்த நாட்டின் பக்கமும் சாயக் கூடாது. எல்லோருக்கும் பொதுவாக வடித்த சோறு அது. அதில் ஊற்றும் குழம்பு அந்தந்த நாட்டின் பொறுப்பு. பணம் உள்ள நாட்டு நிறுவனங்கள் தனியாகக் கேமராவும் நிருபர்களும் கொண்டுபோய்த் தங்கள் வீரர்களை மட்டும் பின்தொடர்கின்றன. மற்றவர்கள் பொதுக் காட்சியை அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள். ஈட்டியெறிதலில் நீரஜ் சோப்ரா எறியாத நேரங்களில் அவர் முகத்தையே காட்டவில்லை என்ற குறையின் வேர் இங்கே இருக்கிறது.

சிபாவிலிருந்து காட்சி டோக்கியோ பிக் சைட்டில் இருந்த சர்வதேச ஒளிபரப்பு மையத்துக்குப் போனது. அங்கிருந்து இந்திய உரிமை வாங்கிய நிறுவனத்தின் மும்பைக் கட்டுப்பாட்டு அறைக்கு. விளம்பரம் எங்கே நுழைய வேண்டும், ஒரே நேரத்தில் நடக்கும் பத்துப் போட்டிகளில் எதை எந்தச் சேனலில் போட வேண்டும், எந்த மொழியில் யார் பேச வேண்டும், எல்லாம் முடிவாவது இந்த அறையில்தான். பிறகு சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி, இறங்கி, கேபிள் நிறுவனத்தின் தலைமை நிலையத்துக்கு வந்து, ஃபைபரில் ஓடி, மீஞ்சூர் தெருவின் கம்பத்திலிருந்து கறுப்பு ஒயர் வழியாக செட்டாப் பாக்ஸுக்குள் நுழைகிறது. ஏறி இறங்க எடுத்துக்கொள்ளும் நேரம் கால் வினாடிதான்.

இப்படி வந்து சேர்ந்த காட்சியைப் புதிதாகப் பார்ப்பவர் என்ன பார்க்கிறார்? வெள்ளை உடுப்பு, முகமூடி, ஒரு பாய்ச்சல், ஒரு அலறல். சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் சேர்ந்தே எரிகின்றன. நடுவர் ஒரு பக்கம் கை நீட்டுகிறார். புள்ளி ஒருவருக்கு மட்டும். ஏன்? சேபரில், மணிக்கட்டுக்குக் கீழான கையைத் தவிர, இடுப்புக்கு மேலே எங்கே பட்டாலும் கணக்கு. வாளின் முனையும் படலாம், விளிம்பும் படலாம். இரு வாள்களும் 0.17 வினாடிக்குள் பட்டால் இரண்டு விளக்கும் எரியும். அப்போது தாக்குதலை முதலில் தொடங்கி உரிமை பெற்றவர் யார் என்று நடுவர் பார்க்கிறார். எதிராளி அதைத் தடுத்துவிட்டால் உரிமை கைமாறும். இந்த ஐந்து வாக்கியத்தைத் தமிழில் ஒருவர் சொல்லிவிட்டால் போதும்; ஆட்டத்தை ஒரு பாட்டிகூட ரசிப்பார். சொல்லாவிட்டால், துனிசியாவின் நாதியா பென் அசீசியை 15-3 என்று பவானி வென்றது எவ்வளவு பெரிய காரியம் என்பதும், அடுத்த சுற்றில் பிரான்ஸின் மனோன் புரூனேவிடம் 7-15 என்று தோற்றது அவமானமே இல்லை என்பதும் யாருக்கும் புரியாது. அந்த புரூனே அன்றே வெண்கலம் வென்றவர். பவானியோ தோல்விக்காக ட்விட்டரில் நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஆட்டம் புரிந்த ஒரு பார்வையாளர் கூட்டம் இருந்திருந்தால், அந்த மன்னிப்பு தேவையே பட்டிருக்காது.

தமிழ் வர்ணனை வந்துவிட்டது, உண்மைதான். டோக்கியோவுக்குச் சற்று முன்னால், 2021 ஜூனில், தமிழுக்கும் தெலுங்குக்குமாக சோனி டென் 4 தொடங்கியது. பாரிஸுக்கும் தமிழ் இருந்தது. அதை மனமாரப் பாராட்ட வேண்டும். ஆனால் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு ஆட்டம்தான் ஓடும். ஹாக்கி, பாட்மிண்டன், ஈட்டி என்று பதக்க வாய்ப்பும் பழக்கமும் உள்ள ஆட்டங்களுக்கே அந்த இடம் போய்விடுகிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதிகம் போகும் பாய்மரப் படகு, தொடர் ஓட்டம், மும்முறைத் தாண்டுதல், துப்பாக்கி சுடுதல் ஆகியவைதான் விளக்கம் மிகவும் தேவைப்படும் ஆட்டங்கள். பார்வையாளர்களின் "ஒருத்தரும் சொல்ல மாட்றாங்க" என்ற குறை இங்கேதான் முழு உண்மை.

பாரிஸில் காட்சி இன்னொரு வழியையும் கண்டுபிடித்தது. ஜியோசினிமா செயலியில் அது இலவசமாக வந்தது. மீஞ்சூர் சாலையில் துறைமுகத்துக்காக வரிசையில் நிற்கும் லாரியின் ஸ்டியரிங் மேல் செல்போனைச் சாய்த்து வைத்து மல்யுத்தம் பார்க்க முடிந்தது. எந்த ஆட்டம் வேண்டும் என்று ஓட்டுநரே தேர்ந்தெடுக்க முடிந்தது. ரிமோட் மும்பையிலிருந்து அவர் கைக்கு வந்தது. அதற்கு விலை நேரம். செல்போனுக்குக் காட்சி சில வினாடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு, சேர்த்து வைத்து ஓட்டப்படுவதால், டி.வி.யைவிடப் பிந்தியே வரும். 2024 ஆகஸ்ட் 8 நள்ளிரவை ஒட்டி நீரஜ் 89.45 மீட்டர் எறிந்தபோது, டி.வி. உள்ள வீட்டின் கூச்சல் செல்போன் பார்ப்பவரின் காதில் முதலில் விழுந்திருக்கும். ஈட்டி அவர் திரையில் அதற்குப் பிறகே தரையிறங்கியிருக்கும்.

யார் எதைப் பார்க்க முடியும் என்பதை ஷிப்டும் தீர்மானிக்கிறது. டோக்கியோ நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். நைட் ஷிப்ட் முடித்துக் காலை ஆறு மணிக்கு வெளியே வருபவருக்கு வாய்த்த ஒலிம்பிக் அது. பாரிஸ் மூன்றரை மணி நேரம் பின்னால். இரவு பத்துக்கு வீடு திரும்புகிற பி ஷிப்ட்காரருக்கு முக்கிய இறுதிப் போட்டிகள் காத்திருந்தன. ஏ ஷிப்டுக்கு விடியுமுன் எழ வேண்டியவருக்கு மறுஒளிபரப்புதான் கதி. அதனால்தான் மறுஒளிபரப்பில் முழு ஆட்டத்தைப் போடாமல் ஜெயித்த கடைசிப் பத்து வினாடியை மட்டும் திரும்பத் திரும்பப் போடுவது அவர்களுக்குக் கோபம் தருகிறது. உழைத்துவிட்டு வந்தவர் கேட்பது ஆட்டத்தை. முடிவு அவருக்கு வாட்ஸ்அப்பிலேயே வந்துவிட்டது.

காசு கட்ட முடியாதவருக்கும் ஒரு வழி சட்டத்தில் இருக்கிறது. நாட்டுக்கு முக்கியமான போட்டிகளின் நேரலையைத் தனியார் நிறுவனங்கள் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்று 2007-ல் சட்டம் வந்தது. ஒலிம்பிக் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அப்படிப் பெறும் சிக்னல் தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழி ஒளிபரப்பிலும், மாதக் கட்டணம் இல்லாத அதன் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே போகலாம், தனியார் கேபிள் வழியாகப் போகக் கூடாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே மாதாமாதம் கேபிளுக்குப் பணம் கட்டும் வீட்டுக்கு, இலவசமாகக் கிடைக்க வேண்டிய காட்சி அந்த ஒயரில் வராது. இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் ஃப்ரீ டிஷ் மாட்டுகிறார்கள்.

அடுத்தது 2028 ஜூலை, மீண்டும் லாஸ் ஏஞ்சலஸ். அங்கே மாலை ஆறு என்றால் இங்கே மறுநாள் காலை ஆறரை. 1900-க்குப் பிறகு முதல்முறையாகக் கிரிக்கெட்டும் இருக்கும். கிரிக்கெட் வந்துவிட்டால் ஓட்டமும் வாளும் படகும் எந்த மூலைக்குப் போகும் என்ற பயம் நியாயமானது. எனவே கேட்க வேண்டியதை இப்போதே கேட்போம். தமிழ்நாட்டு வீரர் களமிறங்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும், அது எந்த விளையாட்டானாலும், செல்போன் செயலியிலாவது தமிழில் குரல் வேண்டும். அந்தக் குரல் அந்த ஆட்டத்தை ஆடியவருடையதாக இருக்கட்டும். ஓய்வுபெற்ற ஓட்டக்காரர்களும் வாள்வீச்சுப் பயிற்சியாளர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். யார், எப்போது, எந்தச் சேனலில் என்ற பட்டியலை முந்தைய நாளே தமிழில் கொடுக்கட்டும். டிடி தமிழ் தினமும் மாலையில் நம் வீரர்களின் ஆட்டங்களை முழுதாக மறுஒளிபரப்பட்டும். இவற்றுக்குப் புதிய செயற்கைக்கோள் வேண்டாம், புதிய கேபிளும் வேண்டாம். ஒரு மைக்கும், விஷயம் தெரிந்த ஒரு ஆளும், கேட்கிறவர் முக்கியம் என்ற எண்ணமும் போதும். இவ்வளவு தூரம் வரத் தெரிந்த காட்சிக்கு, வந்த இடத்தின் மொழியில் பேசவும் நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.