காபூலிவாலா கதையும் 1892-ஆம் ஆண்டும்

ரவீந்திரநாத் தாகூரின் 'காபூலிவாலா' சிறுகதையை உங்களில் பலர் பள்ளியில் துணைப்பாடமாகப் படித்திருப்பீர்கள். தேர்வுக் கேள்வியும் நினைவிருக்கும்: பாத்திரங்களின் குணநலன்களை விளக்குக. ரஹ்மத் அன்பானவன், ஆனால் முன்கோபி. மினியின் அம்மா பயந்தவள், சந்தேகப்படுபவள். இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் கதை வெளிவந்த 1892-ஆம் ஆண்டை வைத்துப் பார்த்தால், இந்த விடைகள் இருவருக்கும் நியாயம் செய்யவில்லை என்று தோன்றுகிறது.

முதலில் அம்மாவைப் பார்ப்போம். கல்கத்தாவில் உலர்ந்த திராட்சையும் பருப்பும் விற்கும் ஆப்கானியன் ரஹ்மத், ஐந்து வயது மினியோடு சிரித்துப் பேசுகிறான். காபூலில் அடிமை வியாபாரம் இருக்கிறதே, குழந்தையைத் தூக்கிப் போய்விட்டால் என்ன செய்வது என்று அம்மா கேட்கிறாள். எழுத்தாளரான கணவர் அதைச் சிரித்தே ஒதுக்கப் பார்க்கிறார். ஆனால் அதே ஆண்டுகளில்தான் ஆப்கன் அமீர் அப்துர் ரஹ்மான் ஹசாரா மக்களின் கிளர்ச்சியை அடக்கினார். அவர்களில் பலர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1920-களில்தான். ஆகவே அம்மாவுக்குக் கிடைத்த செய்தி பொய்யல்ல. ஒரு நாட்டைப் பற்றிய செய்தியை வைத்து ஒரு மனிதனை எடை போட்டதுதான் தவறு.

அடுத்து ரஹ்மத். ஆப்கன் வியாபாரிகள் குளிர்காலத்தில் கணவாய்களைக் கடந்து இந்தியாவுக்கு வருவார்கள். சரக்கைக் கடனுக்கும் கொடுப்பார்கள். ஊர் திரும்பும் முன் வீடு வீடாகப் போய்ப் பாக்கியை வசூலிப்பார்கள். ராம்பூர் சால்வை வாங்கிய ஒருவன், நான் பணமே தரவேண்டியதில்லை என்று மறுக்கிறான். சண்டையில் ரஹ்மத் அவனைக் கத்தியால் குத்திவிடுகிறான்.

வணிகவியல் மாணவர்களுக்கு இது புரியும். பெரிய நிறுவனம் என்றால் வாராக்கடன் என்று கணக்கில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். சொந்த ஊரை விட்டு வந்து தோளில் மூட்டை சுமப்பவனுக்கு, வாங்கியவனின் சொல்தான் பேரேடு. அந்தச் சொல்லே பொய்யானால் அவன் தொழிலே போய்விடும். குத்தியது குற்றம்தான், தண்டனையும் அனுபவித்தான். ஆனால் 'முன்கோபி' என்ற ஒற்றைச் சொல்லில் இவ்வளவும் அடங்குமா?

எட்டு ஆண்டுகள் கழித்து, மினியின் கல்யாண நாளில் அவன் வருகிறான். சட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுக்கிறான். கடன் சீட்டு அல்ல. தன் மகளின் கையில் கரி தடவிப் பதித்த அச்சு. அதைப் பார்த்த பிறகுதான் அப்பாவுக்கு அவனும் ஒரு தகப்பன் என்று உறைக்கிறது. ஊர் போய் மகளைப் பார் என்று பணம் கொடுக்கிறார். அதனால் கல்யாணத்தில் மின்விளக்கும் பேண்டு வாத்தியமும் இல்லாமல் போகின்றன. கல்கத்தாவுக்குப் பொது மின்விநியோகம் வந்ததே 1899-இல்தான். அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு மின்விளக்கு என்பது பெரிய ஆடம்பரம். வீட்டுப் பெண்களுக்கு மனவருத்தம் வந்ததில் வியப்பில்லை. அவர் விட்டுக்கொடுத்தது சின்ன விஷயமும் அல்ல.

ஒரு பாத்திரத்தை நல்லவர், கெட்டவர் என்று பிரிப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். அவருக்கு அன்று என்ன தெரிந்திருந்தது? எதற்குப் பயந்தார்? எதை இழக்க முடியாத நிலையில் இருந்தார்? கதைக்கு மட்டுமல்ல, நம் தெருவில் மூட்டையோடு வரும் வெளியூர்க்காரரைப் பார்க்கும்போதும் இந்தக் கேள்விகள் உதவும்.